கடுகுநிற லானர் எஞ்சின் கொண்ட காதை

நரைத்த புருவத்தோன், நசுங்கிய கட்டைவிரலோன், ஊராட்சித் தண்ணீர்க் குழாய்களை நெடுங்காலம் அடக்கியாண்டு ஓய்வுற்றோன், ஸ்பேனர் ஏந்திய செங்கையன், இடுப்பில் நில்லாத கால்சட்டையன், நின்றால் நிலைப்படியிலும் குனிந்தால் அலமாரியிலும் தலை மோதும் நெடியோன், யார்க்‌ஷயர் மண்ணின் ஹேதர்ஷா நகர் பெற்றெடுத்த ட்ரெவர் ஓல்ட்ராய்ட் வாழ்க. அவன் மேலங்கிப் பையில் உறங்கும் பத்தாம் எண் நட்டு வாழ்க. எதிலிருந்து கழன்றது என்று தெரியாமலே அதைப் பத்திரப்படுத்திய அவன் பெருமை வாழ்க.

காவியம் என்றால் முதலில் நாட்டுவளம் சொல்வது முறை. மழை பெய்தது. நாட்டுவளம் முற்றிற்று.

இனித் தேரைப் பாடுவோம். லானர் என்பது அதன் பெயர். அதைக் கட்டிய சின்னஞ்சிறு பட்டறை, கட்டிய களைப்பிலேயே கதவடைத்துப் பல காலம் ஆயிற்று. கடுகு நிறமும், கண்ணாடி நார் மேனியும், முழங்காலுக்கு மேல் உயராத அடக்கமும், இருவருக்கு மேல் ஏற்றாத செருக்கும் கொண்டது. ஏனைய கார்கள் எஞ்சினை முகத்திலே சுமந்து திரிய, லானரோ அதை ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னும் பின்சக்கரங்களுக்கு முன்னுமாக, கருவறை போன்றதொரு குழியில் ஒளித்து வைத்திருந்தது. ஆளுக்கும் அனலுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் மட்டுமே காவல். அந்த எஞ்சின்தான், சென்ற ஆண்டின் வசந்தத்தில், சந்தை மேட்டில், பஸ்ஸுக்கு நின்றிருந்த சான்றோர் பலர் காண, உள்ளிருந்த இரும்புத் தண்டொன்று தன் விலாவையே பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்க, முதுகு காட்டாத மறவன் முன்மார்பில் வேல் தாங்கிச் சாய்ந்தாற்போலக் கருங்குருதி கக்கிச் சாய்ந்தது. சான்றோருள் ஒருவர், “எண்ணெய் ஒழுகுது பாருங்க” என்று இரங்கற்பா பாடினார்.

தேர் இருக்கிறது, உயிர் இல்லை. வேறோர் உயிரைப் பெய்ய வேண்டும். எதைப் பெய்வது? இக்கேள்வியைச் சுற்றியே ஓர் இலையுதிர் காலமும் ஒரு குளிர்காலமும் ட்ரெவரின் வீட்டு கேரேஜில் தேய்ந்து அழிந்தன. அழிந்திருக்கவும் கூடும் மேலும் சில காலங்கள், கிளெனிஸ் என்றொருத்தி இல்லாதிருந்தால்.

கிளெனிஸ் ட்ரெவரின் மனைவி. வேல்ஸ் நாட்டு மலைமகள். கணவனின் சட்டைப்பை உயரமே வளர்ந்து, அதற்குமேல் வளர்வது வீண் என்று நிறுத்திக்கொண்டவள். ஹேதர்ஷா மகளிர் மேசைப்பந்து அணியின் தலைவி. இடக்கை வீச்சால் பக்கத்து ஊர் அணிகளைப் பலமுறை கண்கலங்கச் செய்தவள். பயிற்சி மேசை போட அவளுக்கு வேண்டியது ஓர் அறை. அவ்வளவு பெரிய அறை வீட்டில் ஒன்றுதான், அதில் செத்த கார் ஒன்று படுத்திருந்தது. மாசி மாதக் குளிரில் ஒரு காலை, முட்டையை உடைத்தவாறே அவள் தன் ஆணையைப் பிறப்பித்தாள்.

“ட்ரெவர், ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஒங்க கார் கிளப்புல மேடேத்தம் வெப்பீங்கல்ல. அன்னிக்கு இந்தக் கார் தன் பலத்துல அந்த மேட்டுல ஏறணும். ஏறிட்டா இங்கயே கெடக்கட்டும், நான் வாயே தொறக்கல. ஏறலன்னா ஹாரோகேட்காரர் கொண்டு போகட்டும். என் மேசை உள்ள வந்துரும்.”

“யாரு, பெல்லாமியா? அந்த ஆளு காரை ஓட்டவே மாட்டானே. போர்வை போத்தி வெச்சிருவான்.”

“நீ மட்டும் என்ன ஓட்டிட்டா இருக்க?”

திரு. பெல்லாமி என்பார் ஹாரோகேட் நகரத்துச் சிற்றுருவச் சீமான். வெள்ளைக் கையுறை அணிந்தே கதவைத் திறப்பார். பழைய கார்களை வாங்கி, வரிசையாக நிறுத்தி, போர்வை போர்த்தி, ஞாயிறுதோறும் போர்வைகளைப் பார்வையிடுவார். லானரை ஏற்கெனவே இருமுறை வந்து பார்த்து, போர்வைக்கு அளவெடுத்துப் போயிருந்தார்.

இவ்வாறு எல்லையும் கெடுவும் குறிக்கப்பட, ட்ரெவர் தன் நட்பரசர் இருவரையும் ஓலை போக்கி அழைத்தான். ஓலை என்பது கைபேசியில் ‘டீ போடறேன் வாங்க’ என்னும் மூன்று சொல். வந்தோர் இருவர். ஒருவர் பாரி சக்டன். முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலின் பெயரைத் தாங்கியும் இரவல் கேட்டவர்க்கு ஒரு திருப்புளியையும் ஈயாத உருண்டை மேனியர், ஓய்வுபெற்ற பால் வண்டிக்காரர். மற்றவர் மால்கம் ஃபர்த். கொக்கின் காலும் கடுவனின் குரலும் படைத்தவர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பித்து இருசாராரையும் களைக்கச் செய்தவர். எலி கடிக்காமல் இருக்கட்டும் என்று காரிலிருந்து கழற்றி வைத்த இரண்டு இருக்கைகளே அவர்தம் அரியணைகள் ஆயின. புரவலனாகிய ட்ரெவர் கவிழ்த்த வாளியில் அமர்ந்தான். இஞ்சி பிஸ்கட் சுற்றில் வந்தது. அவை கூடிற்று.

முதலில் மால்கம் எழுந்தார். எட்டுத் திக்கையும் தாங்கும் யானைகள் எட்டும் ஒரே கொட்டிலில் நின்று பிளிறினாற்போன்ற எட்டு சிலிண்டர் எஞ்சினே லானருக்குத் தக்கது. அதைப் பெய்தால் மலைகள் பணியும், மேகங்கள் விலகும், ஹாரோகேட் நடுங்கும் என்பது அவர் முழக்கத்தின் பொருள். முழக்கத்தின் சொல் வருமாறு:

“வி எட்டு போடுய்யா. போட்டின்னா மேடே எறங்கி வந்து ஒன் கால்ல விழும்.”

“மேடு விழாது, மால்கம். ஒன் வண்டிதான் விழும். அவ்வளவு எடையப் பின்னாடி வெச்சா மூக்கு வானத்தப் பாக்கும். ஸ்டியரிங்க சும்மா கைக்கு வேலையா புடிச்சுக்கிட்டு இருக்கலாம்.” இது பாரி. இருக்கையிலிருந்து எழாமலே முழங்க வல்லவர். “ஜப்பான் நாலு சிலிண்டர் போடு, கண்ணு. சின்னது. லேசு. சாவியப் போட்டா எழுந்துக்கும், சாவிய எடுத்தா படுத்துக்கும்.”

“அது எஞ்சினா? தையல் மிஷின். கர்ட்டன் தைக்கலாம்.”

“ஒன் எஞ்சினுக்கு ஊத்தற பெட்ரோல்ல ஒரு வீட்டுக்கே கர்ட்டன் வாங்கலாம்.”

ட்ரெவர் இன்னொரு பிஸ்கட் எடுத்தான். அவன் நெஞ்சின் ஆழத்தில், ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கடையின் வேலியோரம், உருக்குலைந்த இத்தாலியக் கார் ஒன்றின் மூக்குக்குள் கிடந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று பள்ளிகொண்டிருந்தது. அதன் ஆறு வெண்குழாய்களும் வீணையின் தந்திகள்போல் வரிசையாய் வளைந்து மின்னியதை அவன் கண்டிருந்தான். அது பாடிக் கேட்டதில்லை. ஆனால் கேளாமலே அதன் பாட்டு அவனுக்குத் தெரியும். காதலிப்பவர் எல்லோரும் அப்படித்தான்.

சொற்போரால் தீராதது மற்போரால் தீரும். ஆனால் மெய்யான எஞ்சின்களை வாங்கிப் பொருத்திப் பார்க்க எவருக்கும் வழியில்லை. எனவே அந்நாட்டுக் கேரேஜ் மறவர் வழிவழியாய்ச் செய்வதையே இவர்களும் செய்தார்கள்: குளிர்ப்பெட்டிகள் வந்த அட்டைகளை வெட்டி, பழுப்பு நாடா ஒட்டி, அளவு பிசகாமல் அட்டை எஞ்சின்கள் சமைத்தார்கள். குழியில் அட்டை நுழைந்தால் இரும்பும் நுழையும். அட்டை முட்டினால் இரும்பும் முட்டும்.

அவ்வாறாக ஒரு சனிக்கிழமை, உழிஞை சூடிய வேந்தர் கோட்டை வளைத்தாற்போல இருவரும் தத்தம் அட்டைப் பெரும்படையுடன் கேரேஜை வளைத்தனர். நொச்சி சூடாமலே லானர் தன் குழியைக் காத்துக் கிடந்தது. மால்கமின் எட்டு சிலிண்டர் அட்டையானை முதலில் இறங்கிற்று. வலப்புறம் இடித்தது. இடப்புறம் திருப்பினார், அங்கும் இடித்தது. துதிக்கை மடங்கிற்று, செவி கிழிந்தது. கடைசியில் ஆத்திரம் மேலிட்டவராய் அதன்மேல் ஏறி அமர்ந்து உள்ளே அழுத்த, யானை ஒருவாறு இறங்கிற்று. ஆயின் அதன் முதுகு குழிக்கு மேலே குன்றுபோல் எழுந்து பின்கண்ணாடியை மூடி நின்றது.

“மேல் மூடிய வெட்டிரலாம்,” என்றார் மால்கம், அதன்மேல் அமர்ந்தபடியே.

“பின்னாடி வர்ற வண்டி எப்படித் தெரியும்?” என்றான் ட்ரெவர்.

“இந்த எஞ்சின் போட்டா பின்னாடி எவன் வருவான்?”

அடுத்து பாரியின் ஜப்பானிய அட்டைப் புரவி. இறங்கிற்று. எங்கும் முட்டவில்லை. உறைக்குள் வாள்போல, ஓட்டுக்குள் ஆமைபோல அமர்ந்தது. பாரி வாகை சூடத் தலையைத் தடவிக்கொண்டிருந்த அந்த நொடியிலேதான், தோற்ற வேந்தரின் கூரிய கண்ணோடு மால்கம் கேட்டார்:

“இது எந்தப் பக்கம் சுத்தும்?”

பாரி தேநீர் அருந்தினார்.

“சொல்லு பாரி. எல்லா எஞ்சினும் ஒரு பக்கம் சுத்தினா இது மறுபக்கம் சுத்தற ரகமாச்சே. பழைய கியர் பொட்டியோட சேத்தா என்ன ஆவும்?”

“கொஞ்சம் மாறும்.”

“கொஞ்சமா? ஒரு கியர் முன்னால, நாலு கியர் பின்னால. நீ மேட்டுல பின்பக்கமா ஏறணும். கிளப்புல கைதட்டுவானுங்க, அது வேற விஷயம்.”

“கியர் பொட்டியும் ஜப்பான்லயே போட்டுக்கலாம்,” என்றார் பாரி. ஆனால் குரலில் தேர் சாய்ந்தவனின் தழுதழுப்பு ஏறிவிட்டிருந்தது.

இரு படையும் களத்தில் கிழிந்து கிடந்த அவ்வேளையிலே ட்ரெவர் எழுந்து, சொல்லாமல் வீட்டுக்குள் சென்று, படுக்கையறை அலமாரியில் கிளெனிஸின் குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னே மறைத்து வைத்திருந்த இத்தாலிய ஆறு சிலிண்டர் அட்டைக் குழந்தையை இரு கையாலும் ஏந்தி, பிறந்த மகவைத் தந்தை முதன்முறை ஊராருக்குக் காட்டுவதுபோல வந்து நின்றான். ஆறு வெண்குழாய்களையும் அவன் வெள்ளி வண்ணத்தில் எழுதியிருந்தான். நண்பர் இருவரும் எழுந்து நின்றார்கள். கண்ணுற்றதும் வெறுக்க இயலாத அழகு சிலவற்றுக்கு உண்டு.

குழந்தை குழிக்குள் இறங்கிற்று. வலம் இடிக்கவில்லை, இடம் இடிக்கவில்லை, மேல் மூடி மூடிற்று, சுழல்வதும் சரியான திசையில். முன்பக்கம் மட்டும், அந்தத் தகரச் சுவர், உள்ளங்கை அகலமும் அதற்குமேல் இரண்டு விரலும் வழி மறித்தது.

“சுவர்தான?” என்றார் மால்கம்.

“சுவர்தான்,” என்றார் பாரி.

“முன்னால தள்ளிரலாம்,” என்றான் ட்ரெவர்.

பகைவர் நட்பானார்கள். தோற்றவர் இருவரும் தம் தோல்வியை மறந்து, ஒரு கோட்டையைச் சேர்ந்து இடிக்கும் இன்பத்தில் ஒன்றானார்கள். தேநீர் கொணர்ந்த கிளெனிஸ், சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்த சுவரைச் சிறிது நேரம் பார்த்து நின்றாள்.

“அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“காத்து,” என்றார் பாரி, லானரின் ஓட்டுநர் இருக்கையில் கேரேஜ் நடுவே சாய்ந்து அமர்ந்தபடி.

பின் நடந்தவற்றை விரித்தால் பெருகும். வெட்டினார்கள், வளைத்தார்கள், பற்றவைத்தார்கள், மால்கமின் புருவத்தில் பாதி கருகிற்று. இரும்புக் கடையிலிருந்து மெய்யான எஞ்சின் மணமகளென வந்திறங்கிற்று. ஜூலையின் ஒரு மாலை, திறந்த ஜன்னல் வழியே கையை விட்டு ட்ரெவர் சாவியைத் திருப்ப, ஆறு குழாய்களும் ஒருமித்து மூச்சிழுத்து, இருமி, பின் வெண்கலத் தொண்டை திறந்து பாடத் தொடங்கியதும், தெருவின் நாய்கள் வாயடைக்க, எதிர்வீட்டு ஜன்னல்கள் அதிர, மூன்று முதியவரும் ஒருவரை ஒருவர் பாராமல் மூன்று திசைகளில் திரும்பி நின்று கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். விரிப்பும் இருக்கையும் கடைசி வேலை. அழுக்காகும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அன்றியும் அவர்கள் உட்கார வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. பென்னோக் மேடு. அடிவாரப் புல்வெளியில் மடக்கு நாற்காலிகளும் பிளாஸ்குகளும் மழைக்கோட்டுகளுமாகக் கிளப் முழுதும் பாசறை இறங்கியிருந்தது. மால்கமின் வேன் இழுத்து வந்த லானரைச் சூழ்ந்து பெருங்கூட்டம். வேலியோரம் வெள்ளைக் கையுறைகளைப் பின்னால் கட்டியபடி திரு. பெல்லாமி, அவர் பக்கத்தில் போர்வையுடன் கூடிய அவர் இழுவண்டி. எஞ்சினை முழக்கிக் காட்டி, மூடியைத் திறந்து காட்டி, வேண்டியோர் அனைவரும் வியந்து முடித்தபின், இருக்கைகள் இரண்டும் உள்ளே இறக்கித் திருகப்பட்டன. தலைக்கவசம் அணிந்து, திசைகளை ஒருமுறை நோக்கி, கதவைத் திறந்து, தேர் ஏறலானான் ட்ரெவர் ஓல்ட்ராய்ட்.

இடக்கால் புகுந்தது. இடுப்பு புகுந்தது. வயிறு ஸ்டியரிங்கைச் சந்தித்தது. முழங்கால்கள் இரண்டும் எழுந்து செவிகளை நலம் விசாரிக்க, கூரை தலைக்கவசத்தை மார்புக்குள் அழுத்த, வலக்கால் வெளியே நின்று உள்ளே வர ஒப்பாமல் புல்லைப் பிராண்டிற்று. இருக்கையைப் பின்னுக்குத் தள்ள எண்ணி நெம்பினான். இருக்கைக்குப் பின்னே சுவர். சுவருக்குப் பின்னே இத்தாலி. உள்ளங்கை அகலமும் அதற்குமேல் இரண்டு விரலும் எங்கே போயின என்பது அக்கணத்தில் மூவருக்கும் ஒருசேர விளங்கிற்று.

“பாரி,” என்றது தலைக்கவசத்துள்ளிருந்து ஒரு குரல், “இழு.”

இழுத்தார்கள். பின் பாரி முயன்றார். அவர் வயிற்றோடு ஸ்டியரிங் உடன்படவில்லை. மால்கம் முயன்றார், அவர் கால்கள் பயணியின் பக்கம் போய்ச் சேர்ந்தன. இருக்கையைக் கழற்றிவிட்டு வெறுந்தரையில் அமர்ந்து ஏறலாமே என்று ட்ரெவர் மன்றாட, களத்தைக் காத்து நின்ற பெண்மணி மறுத்தாள்.

“சீட்டு இல்லாம விடமாட்டேன், கண்ணு. பெல்ட்ட எதுல மாட்டுவ, நம்பிக்கையிலயா?”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாய் மேடேறி மறைந்தன. ட்ரெவர் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து, நாணிய வேந்தர்போல் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பில் உயிர் துறக்கலானான். வடக்கே கழிப்பறைக் கூடாரம் தெரிந்தபடியால் சற்றே கிழக்காகத் திரும்பிக்கொண்டான்.

அப்போது திரு. பெல்லாமி வந்தார். வருந்துகிறேன் என்றார். கதவைத் திறந்தார். நழுவி உள்ளே அமர்ந்தார். அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது.

“எனக்குச் சரியா இருக்கு பாருங்க. தள்ளிவிட்டீங்கன்னா நானே ஸ்டியரிங்கப் பிடிச்சு என் ட்ரெய்லர்ல ஏத்திக்கறேன். கவலப்படாதீங்க மிஸ்டர் ஓல்ட்ராய்ட், இனிமே இதை யாரும் ஓட்டி அழுக்காக்க மாட்டாங்க. வீட்டம்மாவும் அந்த விளையாட்டுச் சாமானப் போட்டுக்கலாம்.”

ட்ரெவர் திரும்பவில்லை, ஆனால் அவன் முதுகு, அந்த அகன்ற, காரிலே கொள்ளாத முதுகு, ஒருமுறை குலுங்கியதைக் கிளெனிஸ் கண்டாள். அவள் மடியில் பாதி உரித்த முட்டை இருந்தது. அதை முழுதும் உரித்தாள். உண்டாள். மடியிலிருந்த முட்டை ஓட்டைத் தட்டிவிட்டு, கூடையோடு எழுந்து வந்தாள்.

“எறங்குங்க.”

“மேடம்?”

“நேரம் இன்னும் முடியல. எறங்குங்க.”

வெள்ளைக் கையுறைகள் இறங்கின. அவள் இருக்கையை நெம்பி முன்னுக்கு இழுத்தாள். அது முன்னுக்குத்தானே போகும், போயிற்று. கம்பளித் தொப்பி அணிந்து அதன்மேல் ட்ரெவரின் தலைக்கவசத்தைக் கவிழ்த்தாள்.

“கிளெனிஸ்,” நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தான் ட்ரெவர், “நீ இதை ஓட்டினதே இல்லையே. கிளட்ச் கொஞ்சம் கனம். ரெண்டாவது கியர் ஒட்டும். மேல போனதும் எடப்பக்கம்...”

“முட்டைக்கூடையப் புடி.”

பிடித்தான்.

ஒருமுறை எஞ்சின் அணைந்தது. மறுமுறை எழுந்தது. பிறகு, ஐயகோ, எவ்வாறு உரைப்பது? கடுகுநிற மின்னலொன்று புல்லைக் கிழித்து மேட்டின் வாயில் பாய, ஆறு வெண்கலத் தொண்டைகளும் பள்ளத்தாக்கின் இருகரையிலும் மோதி எதிரொலிக்க, வளைவுதோறும் பந்தை இடக்கையால் வெட்டித் திருப்பும் அதே மணிக்கட்டு ஸ்டியரிங்கை வெட்டித் திருப்ப, செம்மறிகள் மேய்ச்சல் மறக்க, கிளெனிஸ் ஓல்ட்ராய்ட் பென்னோக் மேட்டின் முடிவரை ஏறி மறைந்தாள். கேரேஜ் லானருக்கே ஆயிற்று. போர்வை மடித்தபடியே ஹாரோகேட் மீண்டது. பாரியும் மால்கமும் தழுவிக்கொண்டனர். ட்ரெவர் கூடையைத் தழுவிக்கொண்டான்.

இறங்கி வந்தவள் இறங்கவில்லை. மறுபடி வரிசையில் நின்று மறுபடி ஏறினாள். அதன்பின்னும் ஒருமுறை.

“எப்படி இருக்கு?” ஜன்னலருகே குனிந்து கேட்டான் ட்ரெவர்.

“எஞ்சின் முதுகுல தட்டிக் குடுத்துக்கிட்டே வருது. நீ சொன்னதே இல்லையே.”

“அடுத்த வாரம் சுவரக் கொஞ்சம் பின்னால தள்ளிட்டு, பாரியோட ஜப்பான் எஞ்சின...”

“அந்தச் சுவர்ல யாராவது கை வெச்சீங்க,” என்றாள் கிளெனிஸ், மூவரையும் வரிசையாகப் பார்த்து, “மூணு பேரையும் வெட்டி அந்தக் குழிக்குள்ளயே அடுக்கிருவேன். அட்டை வேணாம், அளவு கண்லயே தெரியுது.”

இவ்வாறாக யானை சாய்ந்து, புரவி தடுமாறி, வீணை வென்று, கோட்டைச் சுவர் பெயர்ந்து, போர்வை மடங்கி, கடுகுநிற லானர் தன் உயிரையும் தன் உறைவிடத்தையும் ஒருங்கே மீட்டு, வாகைமாலை தவழ, திக்கெட்டும் புகழ் முழங்க, மேகங்கள் குடைபிடிக்க, பென்னைன் மலைத்தொடர் தலைவணங்க, மாவீரன் ட்ரெவர் ஓல்ட்ராய்டின் பெயர் யார்க்‌ஷயரின் கேரேஜ்கள் தோறும் ஞாயிறும் திங்களும் உள்ளளவும் நிலைபெறுவதாயிற்று.

செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, பஸ்ஸில் போனான்.